இரண்டாவது மீட்டரோடு வந்த குடும்பம்

மணல்மேட்டூரில் ஒரு வீட்டுக்கு இரண்டாவது மின் இணைப்பு வேண்டுமென்றால் அந்த வீட்டில் இரண்டாவதாக ஒரு குடும்பம் இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்குக் கரண்ட் ஆபீசே ஒரு குடும்பத்தைக் கொடுத்துவிடும். மீட்டர், வயர், பலகை, திருகாணிகள், குடும்பம் எல்லாம் ஒரே வேனில் வந்து இறங்கும். மீட்டரைச் சுவரில் மாட்டுவார்கள். குடும்பத்தைப் பின்னறையில் உட்கார வைப்பார்கள். ஊரில் பாதி வீடுகளில் இப்படி ஆகியிருந்தது. அதைப் பற்றி யாரும் தனியாகப் பேசுவதில்லை.

வாய்க்கால்கரைத் தெரு திலகவதி மட்டும் ரொம்ப நாளாக வேண்டாமென்றே இருந்தாள். "எங்க வீட்டுல இருக்கற குடும்பமே எனக்கு ஜாஸ்தி" என்பாள். அவள், கணவர் ஞானசேகரன், பிளஸ் டூ படிக்கிற மகள் சங்கவி, ஆக மூன்றே பேர். ஞானசேகரனுக்கு மோட்டார் உதிரிபாகக் கடையில் பில் போடுகிற வேலை.

திலகவதி லேசில் அதிர்கிற பெண் இல்லை. போன ஐப்பசியில் அவர்கள் தெரு ஒருநாள் வலப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டபோதுகூட, பால்காரர் வீடு தெரியாமல் திண்டாடுவாரே என்றுதான் கவலைப்பட்டாள். அப்படிப்பட்டவள், மின்கட்டணம் ஏறிய பிறகு ரீடிங் எடுக்க வந்தவர் தொகையைச் சொன்னதும் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பக்கத்து வீட்டோடதையும் சேத்துச் சொல்றீங்களா அண்ணே?"

"இல்லம்மா. உங்க வீடு மட்டும்தான்."

"அட சண்டாளா!" என்றாள். ரீடிங்காரரைச் சொன்னாளா, அவருக்கு மேலே இருக்கிறவர்களைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று காலையிலிருந்து எல்லா வீட்டிலும் அதையேதான் வாங்கிக்கொண்டு வருகிறார் பாவம்.

சாயங்காலம் ஞானசேகரன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக மனிதர் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு நடந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

"அப்பா, வேர்க்குதுப்பா" என்றாள் சங்கவி.

"வேர்வைக்கு யாரும் பில்லு போட மாட்டாங்க. வேர்க்கட்டும்."

விஷயம் இதுதான். ஒரு மீட்டரில் ஓர் அளவு வரைக்கும் சலுகை விலை. அதைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே ஏறின விலை. இவர்கள் வீட்டில் ஒரு பழைய ஃபிரிட்ஜும் ஒரு கிரைண்டரும் இருந்தன. அவையே தாண்ட வைத்துவிட்டன.

மறுநாள் திலகவதி கரண்ட் ஆபீசுக்குப் போனாள். வேறு மலிவான விலை ஏதாவது உண்டா என்று கவுண்டரில் இருந்த செல்லமுத்துவிடம் கேட்டாள். அவர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"கோயில் ரேட் இருக்கும்மா. பாதிதான் ஆகும். ஆனா வீட்டுல யாராவது ஒருத்தர் சாமியா உக்காரணும். மேலத்தெரு நாகராஜன் உக்காந்தாரு. இப்ப ஜனங்க எந்திரிக்க விடமாட்டேங்கறாங்க."

ஞானசேகரனுக்கு முட்டிவலி. சம்மணம் போட்டால் பிறகு இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். அது ஆகாது என்று திலகவதி சொல்லிவிட்டாள்.

"குடிசை ரேட்டுன்னா கூரையை நெஞ்சு உயரத்துக்கு இறக்கணும். குனிஞ்சே இருக்கணும், பழகிடும். விவசாய ரேட்டுன்னா சுத்தமா இலவசம். ஆனா ஹாலுக்கு மட்டும்தான். அதுவும் ஹால்ல வெள்ளாமை வைக்கணும். நிலக்கடலை போட்டீங்கன்னா தண்ணி கம்மியாத்தான் குடிக்கும்."

அவளுக்கு ஹாலில் போட்டிருந்த மொசைக் தரை ஞாபகம் வந்தது. அதைப் பெருக்கித் துடைத்தே அவள் இடுப்பு போயிருந்தது. அதன் மேல் போய் மண்ணைக் கொட்டுவதா?

"அப்படின்னா ரெண்டாவது மீட்டர்தாம்மா. ஓடுற கரண்டை ரெண்டு மீட்டர்ல பிரிச்சுக்கிட்டா ரெண்டுமே சலுகையைத் தாண்டாது. குடும்பம் எங்ககிட்ட ஸ்டாக் இருக்கு. மூணு பேர் குடும்பமா, நாலு பேரா?"

"மூணு போதுங்க. சத்தம் போடாத குடும்பமாப் பாத்துக் குடுங்க."

"சத்தம் போடாட்டி அது குடும்பமே இல்லம்மா" என்றார் செல்லமுத்து. "ஆய்வுல தள்ளிடுவாங்க."

வேன் வெள்ளிக்கிழமை வந்தது. லைன்மேன் ராஜமாணிக்கம் முதலில் பலகையை இறக்கினார், பிறகு மீட்டரை, அதற்குப் பிறகு குடும்பத்தை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு மனிதர், அவர் பெயர் துரைக்கண்ணு. அவருடைய மனைவி அமிர்தம், நல்ல உயரம், முழங்கை வரை மஞ்சள் தேய்த்திருந்தாள். மகள் மைதிலிக்கு சங்கவி வயதுதான் இருக்கும். மூன்று பேரும் கையில் ஒரு ஸ்டவ்வோடும் ஒரு பாயோடும் வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"மீட்டர் ஒண்ணு, வயர் ஒரு சுருள், குடும்பம் ஒண்ணு. சரியா இருக்கான்னு பாத்துக்கங்கம்மா" என்றார் ராஜமாணிக்கம்.

திலகவதி சுற்றி வந்து பார்த்தாள். "பொண்ணு செருப்புல வார் அறுந்திருக்கே."

"அது டேமேஜ் இல்லம்மா. யூஸ் பண்ணினது."

அவர்களுடைய அரிசி பருப்பெல்லாம் ஆபீஸ் செலவு. அவர்கள் கரண்டைத் தொடக்கூடாது. அந்த மீட்டரில் ஓடுகிற கரண்டும் திலகவதி வீட்டுக்குத்தான். அவர்களுக்கு வேலை ஒன்றே ஒன்று: குடும்பமாக இருக்க வேண்டும். போகும்போது ராஜமாணிக்கம் வேன் கதவைச் சாத்தியபடி சொன்னார்.

"ஆடி மாசம் ஆய்வுக்கு வருவாங்கம்மா. ரெண்டும் குடும்பம்தானான்னு பாப்பாங்க. குடும்பமா இல்லாதவங்கள நாங்க திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுவோம். அப்புறம் வேற எங்கயாவது மீட்டரோட அனுப்பிடுவோம்."

"நல்லா இருப்பாங்க, பாத்தாலே தெரியுதே" என்றாள் திலகவதி. அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தாள். பாவம், அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

அடுத்த தடவை பில் பாதியாகக் குறைந்தது. திலகவதி வீட்டு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மிச்சம் பிடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது, அது நாக்கில் பட்டுவிட்டால் போகாது. இன்னும் குறைக்க முடியாதா என்றார் ஞானசேகரன். கடை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டில் பயணிகள் கூடத்தின் பெரிய ஃபேனுக்கு அடியில் உட்கார ஆரம்பித்தார். எங்கும் போகாத பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற மனிதர்போல் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொள்வார். சங்கவி பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்துக்குப் போனாள். நூலகம் பூட்டியதும் தோழி வீட்டுக்கு. திலகவதி பாங்குக்குப் போனாள். அங்கே ஏசி உண்டு. டோக்கன் எடுத்துக்கொண்டு உட்காருவாள். அவள் நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்து போய் இன்னொரு டோக்கன் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். பாங்க் மூடியதும் எதிரே இருந்த ஜவுளிக்கடையில் நுழைந்து, வாங்காத புடவைகளைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் விளக்கே எரியவில்லை, ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டார்கள். மூவரும் வெவ்வேறு நேரத்துக்கு வந்து, மூடி வைத்த சாப்பாட்டை இருட்டில் தனித்தனியாகச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார்கள். பேசினால் வியர்க்கிறது என்று ஞானசேகரன் பேச்சைக் குறைத்தார். மீட்டரில் சக்கரம் நகராமல் நின்றது. அதைப் பார்ப்பதற்கென்றே அவர் காலையில் சீக்கிரம் எழுந்தார்.

பின்னறையில் இருந்தவர்களுக்கோ வேறு வேலை கிடையாது. நாள் முழுக்கக் குடும்பமாகவே இருந்தார்கள். ஒருநாள் பாங்குக்கு விடுமுறை. திலகவதி வீட்டில் இருந்தாள். அமிர்தம் குளிக்கப் போயிருந்தாள். துரைக்கண்ணு குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் "அப்புறம்?" என்கிற குரலும் மாறி மாறி வந்தன. வாழைப்பூ விலையைப் பற்றிய பேச்சு அது. திலகவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளும் கல்யாணமாகிக் குடித்தனம் நடத்துகிறவள்தான். இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

இன்னொரு நாள் மைதிலி தட்டை நகர்த்திவிட்டு, சாப்பாடு வேண்டாமென்று கோபித்துக்கொண்டாள். "சாப்பிடாட்டிப் போடி" என்று அமிர்தம் கத்தினாள். துரைக்கண்ணு இரண்டு பேரையும் பார்த்துக் கத்தினார். பிறகு மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார்கள். சங்கவி அன்றைக்குச் சாப்பிட்டாளா என்று திலகவதி யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. நெஞ்சில் ஒரு பயம் வந்தது, ஆனால் ஆறரை மணிக்கே ஜவுளிக்கடைக் காவலாளி நாற்காலியை எடுத்துவிடுவான் என்பதால் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் யாரும் இல்லாததால் சாவி அமிர்தத்திடம் இருந்தது.

"அக்கா, பின்னறையில எறும்பு. எங்க உப்பு டப்பாவை உங்க அலமாரியில வச்சுக்கவா?"

"வச்சுக்க. அதுக்கென்ன."

பிறகு சர்க்கரை வந்தது, பிறகு மிளகாய்த்தூள். கைக்கு வாட்டமாக இருக்கட்டும் என்று அமிர்தம் அலமாரியை ஒருநாள் மாற்றி அடுக்கினாள். திலகவதி கவனிக்கவில்லை. எப்போதோ ஒரு தடவை காபியில் உப்புக் கரித்தது, அவ்வளவுதான்.

ஆடி பிறந்தது. ஆய்வுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். திலகவதி பின்னறையைப் போய்ப் பார்த்தாள். ஈரமாகக் கிடந்தது, ஜன்னல் கிடையாது. இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? இணைப்பைப் பிடுங்கிவிட்டால் மறுபடியும் அந்தப் பழைய பில். நினைத்தாலே மயக்கமாக வந்தது. எதிர் வீட்டுப் பானுமதியிடம் போய் யோசனை கேட்டாள். பானுமதி வீட்டில் இரண்டாவது குடும்பம் வந்து வருஷம் ஆகிறது. ஏசியைப் போட்டுக்கொண்டு கம்பளி போர்த்தித் தூங்குகிறவள்.

"அவங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து வை" என்றாள் பானுமதி. "வீட்டை நல்லாக் காட்டு. நான்கூட என் பட்டுப் புடவையைக் கட்டிவிட்டேன்."

திலகவதி அதற்கு மேலேயே போனாள். ஆய்வு நாளன்று துரைக்கண்ணு குடும்பத்தை ஹாலில் உட்கார வைத்தாள். தன்னுடைய அரக்குப் புடவையை அமிர்தத்துக்குக் கட்டிவிட்டாள். சங்கவியின் புதுச் செருப்பை மைதிலி போட்டுக்கொண்டாள். வார் அறுந்தது சங்கவிக்கு வந்தது. ஞானசேகரனின் சாய்வு நாற்காலியில் துரைக்கண்ணு சாய்ந்துகொண்டார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் திலகவதியும் கணவரும் மகளும் பின்னறைக்குப் போவதாக ஏற்பாடு.

"நம்மளையும் பாப்பாங்களேம்மா" என்றாள் சங்கவி.

"பாத்தாப் பாக்கட்டுமே. நாம நெசமான குடும்பம்தானே, நமக்கென்னடி பயம்?"

ஆய்வாளர் மேகலா ஒல்லியான பெண். கையில் ஒரு டெஸ்டர், எலக்ட்ரீசியன்கள் சட்டைப் பையில் செருகி வைத்திருப்பார்களே, திருப்புளி மாதிரி, பிடியில் குட்டி விளக்கோடு, அதேதான். முதலில் ஹாலுக்கு வந்தார். டெஸ்டரின் நுனியைத் துரைக்கண்ணுவின் தோளில் வைத்தார். "எங்க, அவரைத் திட்டுங்கம்மா" என்றார் அமிர்தத்திடம்.

"கடையில போயி முத்தின வெண்டைக்காயா பாத்து வாங்கிட்டு வருது பாருங்க, இதையும் ஒரு மனுசன்னு" என்று அமிர்தம் ஆரம்பித்தாள். டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மைதிலியின் தலையில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்க்கச் சொன்னார். அப்போதும் எரிந்தது. மேகலா தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு பின்னறைக்கு வந்து ஞானசேகரனின் தோளில் டெஸ்டரை வைத்தார்.

"திட்டுங்கம்மா."

திலகவதி வாயைத் திறந்தாள். என்ன சொல்லித் திட்டுவது? மனிதர் கடைக்குப் போகிறார், பஸ் ஸ்டாண்டில் உட்காருகிறார், வந்து படுக்கிறார். குறை என்று எதைப் பிடிப்பது? "ஏங்க..." என்றாள். மேலே ஒன்றும் வரவில்லை. டெஸ்டரில் விளக்கு எரியவில்லை.

"டெஸ்டர் ரிப்பேரா இருக்கும் மேடம்" என்றார் ஞானசேகரன்.

மேகலா ஹாலுக்குப் போய் சுவிட்ச் போர்டில் செருகிப் பார்த்தார். எரிந்தது. திரும்பி வந்து சங்கவியின் தலையில் வைத்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா அவளைப் பார்த்தாள். விளக்கு ஒரு தடவை மினுக்கியது. அவ்வளவுதான்.

"இன்னொரு வாய்ப்பு தர்றேன்" என்றார் மேகலா. கடுகடுப்பான பெண் இல்லை அவர். "கண்ணை மூடிக்கிட்டுச் சமையல்கட்டுக்குப் போயி உப்பு எடுத்துட்டு வாங்க. ஒரு வீட்டு ஆளுங்களுக்குக் கண்ணைக் கட்டினாலும் உப்பு தெரியும்."

முதலில் துரைக்கண்ணு போனார். கண்ணை இறுக்கி மூடியபடி, ஹால் மேஜையைச் சுற்றி, சமையல்கட்டு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே நுழைந்தார். போன வேகத்தில் உப்பு டப்பாவோடு வந்தார், காட்டிவிட்டு இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். ஞானசேகரன் போனபோது மேஜையில் இடித்துக்கொண்டார், நிலையில் இடித்துக்கொண்டார், உள்ளே ஏதோ உருண்டது. கோலமாவு டப்பாவோடு திரும்பினார்.

"நான் போறேன்" என்றாள் திலகவதி. அவளுடைய சமையல்கட்டு அது. எத்தனையோ காலமாக அவள் நின்ற இடம். கண்ணை மூடிக்கொண்டு போய், இரண்டாவது தட்டில், வலது கோடியில் கையை விட்டாள். டப்பா கையில் வந்தது. எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். மேகலா மூடியைத் திறந்து, கொஞ்சம் எடுத்து அவளுடைய நாக்கிலேயே வைத்தார்.

இனித்தது.

அப்போது திலகவதி அதிர்ந்தாள் பாருங்கள், மின்கட்டணத்துக்கு அதிர்ந்ததெல்லாம் ஓர் அதிர்ச்சியா? அடிவயிற்றிலிருந்து ஒரு குளிர் கிளம்பி உச்சந்தலை வரை ஏறியது. வாயில் இனிப்பு, கண்ணில் தண்ணீர். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அமிர்தம் ஓடிவந்து, "நான்தான் அக்கா மாத்தி வச்சேன், சொல்லணும்னு இருந்தேன், நீங்க வீட்ல இருக்கறதே இல்லையே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். அதையும் பொய் என்று சொல்வதற்கில்லை.

மேகலா கேட்டதன் பேரில் பானுமதி வந்தாள். நடுக்கூடத்தில் நின்று உள்ளதைச் சொன்னாள். "சாயங்காலம் ஆனா இந்த வீட்ல அமிர்தத்தோட குரல்தான் கேக்குது. திலகா, தப்பா எடுத்துக்காத. உன்னை நான் பாங்குலதான் பாக்கறேன்."

"அப்ப விஷயம் தெளிவாயிடுச்சு" என்றார் மேகலா. "ஹால்ல இருக்கறவங்கதான் இந்த வீட்டுக் குடும்பம். நீங்க ரெண்டாவது மீட்டரோட வந்தவங்க. அதுவும் குடும்பமா இல்ல. ராஜமாணிக்கத்தை வரச் சொல்றேன்."

"மேடம், வீட்டுப் பத்திரம் என் பேர்ல இருக்கு" என்றார் ஞானசேகரன்.

"பத்திரம் வீட்டுக்குத்தானே சார் இருக்கு? குடும்பத்துக்கு இல்லையே."

அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதுதான் அவரை ரொம்பவும் உலுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராஜமாணிக்கம் வேனோடு வந்தார். ஸ்டவ்வையும் பாயையும் எடுத்துத் திலகவதி வீட்டார் கையில் கொடுத்தார். அமிர்தம் வாசல் வரை வந்தாள். அரக்குப் புடவையை அவிழ்த்துத் தரட்டுமா என்று கேட்டாள். "இருக்கட்டும், உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள் திலகவதி. வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். துரைக்கண்ணு ஹாலில் ஃபேனைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வேனுக்குள் உட்கார இடமில்லை. வயர்ச் சுருள் மேல் மூவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். ராஜமாணிக்கம் முன்னால் ஓட்டினார். வேன் ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தது. சங்கவியின் தலை போய் அப்பாவின் தோளில் இடித்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"சாப்பிட்டியாடி?" என்றார் ஞானசேகரன். ரொம்ப நாளாகப் பேசாமல் இருந்த குரல் கரகரவென்று வந்தது.

"காலையில சாப்பிட்டது."

"காலையிலயா? பொம்பளப் புள்ளை பட்டினி கெடக்கா, என்ன ஏதுன்னு பாக்கறதில்லையா நீ?" என்று திலகவதியிடம் பாய்ந்தார்.

அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! "நான் பாக்கணுமா? ஏன், நீங்க எங்க போயிருந்தீங்க? பஸ் ஸ்டாண்டுல எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்து வச்சிருந்தீங்க? மிச்சம் புடிக்கறாராம் மிச்சம்! பேசினா வேர்க்குதாம்! ஏன்யா, வேர்த்தா செத்தா போயிடுவே?" சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுதுகொண்டே புடவைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்தாள். ஞானசேகரனும் கத்தினார். சங்கவி இரண்டு பேரையும் பார்த்து "நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்று கத்தினாள். முன்னால் ராஜமாணிக்கத்தின் சட்டைப் பையில் செருகியிருந்த டெஸ்டர் எரிந்தது. வண்டி முழுக்க ஆரஞ்சு வெளிச்சம்.

அவர் குனிந்து பையைப் பார்த்தார்.

"இப்ப எரிஞ்சு என்னம்மா பண்றது? ஆய்வு முடிஞ்சு போச்சே" என்றார். வண்டியை நிறுத்தவில்லை.

வேன் நின்றது செக்கடி மேட்டுப் பக்கம் ஒரு வீட்டில். சரளா என்கிற அம்மாள் வாசலுக்கு வந்தாள். அவள் முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது. அவளுக்கும் அந்த மாத பில் வந்திருந்தது. ஹாலில் நிலக்கடலை போட்டிருந்தார்கள். விவசாய ரேட் ஹாலுக்கு மட்டும்தான் என்பதால் மற்ற அறைகளுக்கு இரண்டாவது மீட்டர் வேண்டியிருந்தது.

"மீட்டர் ஒண்ணு, வயர் ஒரு சுருள், குடும்பம் ஒண்ணு" என்றார் ராஜமாணிக்கம்.

சரளா அவர்களைச் சுற்றி வந்து பார்த்தாள். "பொண்ணு செருப்புல வார் அறுந்திருக்கே."

"அது டேமேஜ் இல்லம்மா. யூஸ் பண்ணினது."

திலகவதி புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பின் மேல் நடந்து ஹாலைத் தாண்டினாள். செடி நன்றாகப் பிடித்திருந்தது, பூ விட்டிருந்தது. பின்னறையில் எறும்பு ஓடியது. ஸ்டவ்வை வைத்தாள், பாயை விரித்தாள். ஞானசேகரனும் சங்கவியும் யார் எந்தப் பக்கம் படுப்பது என்று அதற்குள் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள்.

சரளா கையில் ஒரு பையோடு எட்டிப் பார்த்தாள். "கடலைச் செடிக்கு ஃபேன் காத்து ஆகாதுங்க. அதனால சாயங்காலம் நாங்க யாரும் வீட்ல இருக்கறதில்ல. அவரு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிடுவாரு, நான் பாங்குக்குப் போயிடுவேன். சாவியை உங்ககிட்டயே குடுத்துட்டுப் போகட்டுமா?"

"குடுத்துட்டுப் போங்க" என்றாள் திலகவதி. "இங்க எறும்பா இருக்கு. எங்க உப்பு டப்பாவை உங்க அலமாரியில வச்சுக்கவா?"

"வச்சுக்கங்க. அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு சரளா டோக்கன் தீர்ந்துவிடுமே என்று வேகமாக நடந்தாள்.